சிறுவாணியில சும்மா ஓடுற தண்ணிக்கு எதுக்குங்க காசு?

கேள்வி, ஜூன் 2

எங்க நகராட்சியில குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் ரெண்டையும் ஒரே நாள்ல ஏத்திட்டாங்க. மழை மலையில பெய்யுது, ஆறு தானா ஓடுது. இதுல இவங்க என்னத்த உற்பத்தி பண்ணுறாங்க? கக்கூஸ் போறதுக்கும் காசு கட்டணுமா? விவரம் தெரிஞ்சவங்க யாராவது நியாயம் சொல்லுங்க.

ஜூன் 2, இரவு

நியாயம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பதினெட்டு வீடுள்ள ஓர் அடுக்ககத்துக்கு ஆறு வருடமாகப் பொருளாளராக இருக்கிறேன், அவ்வளவுதான். ஊர் கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில். பெயர் வேண்டாம், நாளைக்கும் அதே கவுண்டரில் போய் நிற்கவேண்டியவள் நான்.

மேகத்துக்கு யாரும் காசு கேட்கவில்லை. மேகம் பெய்கிற இடத்துக்கும் உங்கள் வீட்டுக் குடத்துக்கும் நடுவில் இருக்கிற முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குத்தான் பில். அதில் பெரிய செலவு கரண்ட். 1,000 லிட்டர் தண்ணீரை 100 அடி உயரம் ஏற்ற கிட்டத்தட்ட 0.4 யூனிட் வேண்டும். மின்கட்டணம் 2022 செப்டம்பரில் ஏறியது, 2024 ஜூலையில் இன்னொரு 4.83 சதவீதம். கரண்ட் ஏறினால் தண்ணீரும் ஏறும். முடிந்தது கதை, தூங்கப் போகிறேன்.

ஜூன் 3, காலை

முடியவில்லை. பீளமேட்டுப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் ஒருவர் இரவோடு இரவாக எழுதியிருக்கிறார்: "ஏனுங்கக்கா, பம்ப் செய்யற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு அடிக்கும் மீட்டருக்கும் வித்தியாசம் தெரியாம எழுதறீங்க?"

சரிதான். 0.4 யூனிட் என்பது 100 மீட்டருக்கு. நஷ்டமே இல்லாத பம்ப் என்று ஒன்று இருந்தால் 1,000 லிட்டரை 100 மீட்டர் ஏற்ற 0.27 யூனிட் போதும். நடைமுறையில் பம்பும் மோட்டாரும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும், அதனால்தான் 0.4. அடிக் கணக்கில் பார்த்தால் நான் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. திருத்திக்கொள்ளுங்கள். மேலே எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றையும் அவரே காட்டிவிட்டார். கேள்வி கேட்டவர் தலைப்பில் சிறுவாணி என்கிறார். சிறுவாணித் தண்ணீர் மலையிலிருந்து சரிவில் தானாக இறங்கி வருவது, அதை ஏற்றுவதற்குக் கரண்ட் வேண்டாம். பவானித் தண்ணீர் அப்படி இல்லை. பவானி ஆற்றிலிருந்து கோவைக்குக் குடிநீர் கொண்டுவரும் பில்லூர்த் திட்டங்களில் பம்ப் போட்டுத்தான் மேலே தள்ளவேண்டும். மூன்றாவது திட்டத்துக்குக் கட்டன் மலையையே குடைந்து குழாய் கொண்டுவந்தார்கள். ஆக, ஒரே கோவையில் ஒரு பேட்டைக்கு வரும் குடம் மலை கொடுத்தது, அடுத்த பேட்டைக்கு வரும் குடம் மோட்டார் கொடுத்தது. கட்டணம் மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

ஊர் வளர வளர, மலை கொடுக்கும் தண்ணீர் அப்படியே இருக்க, மோட்டார் கொடுக்கும் தண்ணீர்தான் கூடிக்கொண்டே போகும். கேரளத்துக்குள் இருக்கும் சிறுவாணி அணையில் 50 அடி நிரப்பலாம், கேரளம் 45 அடியோடு நிறுத்திக்கொள்கிறது என்று வருடாவருடம் பேப்பரில் படிக்கிறோமே, அந்த ஐந்து அடியும் பணம்தான். இறங்கி வராமல் போன ஒவ்வொரு லிட்டருக்கும் பதிலாக ஒரு லிட்டரை எங்கிருந்தோ ஏற்றவேண்டும். இது எனக்கு நேற்று இரவுவரை உறைக்கவில்லை.

ஜூன் 3, மதியம்

"உலகத்திலேயே ரெண்டாவது ருசியான தண்ணி சிறுவாணிதான், அதுக்கு எவ்வளவு வேணாலும் குடுக்கலாம்" என்று ஒருவர். முதலாவது எது என்று நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கள் பக்கம் எந்த நல்ல தண்ணியும் ருசிதான். போர் தண்ணியில் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 5

கரண்ட்தான் காரணம் என்று முதல் நாள் எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். எங்கள் அடுக்ககக் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்து இரண்டு நாள் உட்கார்ந்தேன்.

போன டிசம்பர், ஜனவரியில் பதினெட்டில் எட்டு வீடு காலி. குழந்தைகளுக்கு லீவு, ஊரில் கல்யாணம், பொங்கல், இப்படி. பிடித்த தண்ணீர் பாதியாகக் குறைந்தது. மாதச் செலவும் பாதியாகியிருக்கவேண்டும் அல்லவா? 21,000 ஆகிற இடத்தில் 18,500 ஆனது. மோட்டார் ஓடிய நேரத்துக்கான கரண்ட் குறைந்ததே தவிர, வாட்ச்மேன் சம்பளமோ, தொட்டி கழுவும் கூலியோ, லிஃப்ட் கான்ட்ராக்டோ, மோட்டார் மாற்ற எடுத்த கடனின் தவணையோ ஒரு ரூபாய் குறையவில்லை.

ஊருக்கும் இதேதான். அணை, சுத்திகரிப்பு நிலையம், மேல்நிலைத் தொட்டி, வால்வு திறக்கும் ஆள், இருபது முப்பது வருடத்துக்கு வாங்கிய கடன் எதற்கும் நீங்கள் இன்று ஒரு குடம் பிடித்தீர்களா இரண்டு குடம் பிடித்தீர்களா என்பது தெரியாது. லிட்டர் கணக்கில் பில் போடுகிறார்கள், செலவோ லிட்டர் கணக்கில் ஆவதில்லை.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. எல்லோரும் சிக்கனமாகப் பிடித்தால் விற்பனை குறையும், செலவு அப்படியே நிற்கும், லிட்டருக்கு விலை ஏறும். சிக்கனம் பிடித்தவனுக்குத் தண்டனையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விற்பனை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் திருப்பூரில் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன். தோசை மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 6

திருப்பூர். இந்தியாவில் தண்ணீரைத் தனியாரோடு கூட்டுச்சேர்ந்து கொண்டுவந்த முதல் பெரிய திட்டம் இங்கேதான். 1995இல் அதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கி, ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்குச் செலவழித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் அளவுக்குப் பவானியிலிருந்து குழாய் போட்டார்கள். 2000களின் நடுவில் தண்ணீர் வந்தது. விலை வைத்த விதம்தான் கதை. சாயப்பட்டறைக்கு 1,000 லிட்டர் 45 ரூபாய், வீட்டுக்குப் போகிறது 5 ரூபாய். பட்டறைக்காரர் கொடுக்கும் காசில் வீட்டுக் குடம் நிறைந்தது. பட்டறைக்காரருக்கும் சந்தோஷம்தான், லாரித் தண்ணிக்கு அலைந்தவர்களுக்கு அது நிம்மதி.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆறு நாறிப்போய், ஒரத்துப்பாளையம் அணையே சாயத்தண்ணீர்த் தொட்டியாகிக் கிடந்த கதை இந்தப் பக்கம் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. தீர்ப்பு சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் குழாயை மூடினால், 45 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் காணாமல் போகிறார். குழாய் அங்கேயே இருக்கிறது, கடனும் இருக்கிறது. பட்டறைகள் திரும்பத் திறந்தபோது, கழிவுநீரைச் சுத்தம் செய்து அதையே மறுபடி சாயம் போடப் பயன்படுத்தும் முறை கட்டாயமாகியிருந்தது. ஆற்றுக்கு நல்லது. தண்ணீர் விற்றவருக்கு வாடிக்கையாளர் பாதியாகிவிட்டார்.

என் சித்தப்பா மகன் அப்போது அங்கே ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். வேலை போய், ஆறு மாதம் எங்கள் வீட்டு மாடியில் இருந்தான். அவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "மூடினது நாங்க, நட்டம் தண்ணிக் கம்பெனிக்காரனுக்கு, என்னடா உலகம்" என்று சிரிப்பான்.

ஜூன் 6, இரவு

மேலே "வாடிக்கையாளர் பாதியாகிவிட்டார்" என்று எழுதியது பேச்சு வழக்கில் சொன்னது. துல்லியமான பாதி என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். ரீவைண்டிங் அண்ணன் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 8

இப்போது கக்கூஸ் விஷயம். கேள்வி கேட்டவர் கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி அதுதான்.

வீட்டுக்குள் வருகிற தண்ணீரில் நூற்றுக்கு எண்பது பங்கு சாக்கடையாகத் திரும்பிப் போகும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. அதாவது உங்களுக்காகத் தண்ணீரை இரண்டு தடவை சுமக்கிறார்கள், ஒரு தடவை சுத்தமாக, ஒரு தடவை அசுத்தமாக. இரண்டாவது சுமைதான் கடினம். நல்ல தண்ணிக் குழாயில் அழுத்தம் இருக்கிறது, மேட்டிலும் ஏறும். சாக்கடைக்கு அழுத்தம் கிடையாது, சரிவு ஒன்றுதான். சரிவு குறைந்தால் மண்ணும் மற்றதும் அடியில் தங்கிவிடும். அதனால் தெருவுக்குத் தெரு குழாய் ஆழமாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குமேல் தோண்ட முடியாது, அங்கே ஒரு கிணறு வெட்டி, பம்ப் வைத்து மேலே தூக்கி, மறுபடி சரிவில் விடவேண்டும். எங்கள் தெரு முனையில் குழி தோண்டியபோது நான் எட்டிப் பார்த்தேன். என் உயரத்துக்கு மூன்று மடங்கு ஆழம் இருக்கும். உள்ளே நின்று குழாய் இணைத்துக்கொண்டிருந்த பையன் தலையை அண்ணாந்து, "அக்கா, ஒரு சொம்பு தண்ணி" என்றான். இரண்டு பக்கமும் பலகை முட்டுக்கொடுத்திருந்தார்கள், பலகைக்கு நடுவிலிருந்து செம்மண் பொலபொலவென்று அவன் தோளில் உதிர்ந்துகொண்டே இருந்தது.

கடைசியில் சுத்திகரிப்பு நிலையம். கோவையில் உக்கடத்தில் இருப்பது நாளுக்கு 7 கோடி லிட்டருக்கானது, ஒண்டிப்புதூரில் 6 கோடி. அங்கே அழுக்கைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி. அதற்குக் காற்று வேண்டும், இரவும் பகலும் புளோயர் ஓடவேண்டும். நிலையத்தின் கரண்ட் பில்லில் பாதிக்கு மேல் காற்று ஊதுவதற்கே போகும். நாம் ஊதித் தள்ளிய காசு என்று சொல்லலாம். சரி, விடுங்கள்.

சிரிக்க முடியாத செலவும் உண்டு. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் வாசல் மேன்ஹோல் அடைத்தபோது ஓர் ஆளை இறக்கினார்கள். இடுப்பில் கயிறு, கையில் மூங்கில் பத்தை, உடம்பில் எண்ணெய். நான் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இப்போது அடைத்தால், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் லாரி வருகிறது. லாரிக்கு டீசல், டிரைவர், ஓஸ், உதிரிபாகம். முன்பு அந்த வேலை மலிவாக முடிந்தது ஒரு மனிதனின் உயிர் மலிவாக இருந்ததால்தான். கட்டணத்தில் இந்தப் பங்கு எவ்வளவு ஏறினாலும் நான் வாய் திறக்கமாட்டேன்.

ஜூன் 9

நேற்று எழுதிவிட்டு, நம் வீட்டு லட்சணம் என்ன என்று பார்க்கப் போனேன். பிளம்பரைக் கூப்பிட்டு மொட்டைமாடி மழைக்குழாய் எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னேன். மேலே ஒரு வாளி மஞ்சள் தண்ணி ஊற்றினோம். கீழே பாதாளச் சாக்கடைச் சேம்பரில் மஞ்சளாக வந்து விழுந்தது.

பெரிய மழைக்கு எங்கள் தெருவில் மேன்ஹோல் பொங்கி, எதிர்வீட்டுப் பாட்டி திண்ணைவரை நாறியது என்று நான்தான் இரண்டு முறை நகராட்சிக்குப் புகார் எழுதியிருக்கிறேன். நாடகம்போல் இருக்கிறது. எங்களைப்போல் தெருவுக்குப் பத்துப் பேர் மழைத்தண்ணீரைச் சாக்கடையில் விட்டால், அத்தனையையும் பம்ப் பண்ணி, காற்று ஊதி, சுத்தம் செய்யவேண்டும். மழைத்தண்ணீரைச் சுத்திகரிக்க நாமே காசு கட்டுகிறோம்.

குழாயைத் திருப்பி மழைநீர்த் தொட்டிக்கு விட 4,200 ரூபாய் ஆனது. செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 11

கசிவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நகராட்சிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று ஒருவர் கோபமாகவே கேட்டார். எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் தண்ணி விடுகிற அண்ணன் ஐந்து நாளுக்கு ஒருமுறை வருவார். சைக்கிள் பாரில் கட்டிய நீளச் சாவி, தலையில் சுற்றிய துண்டு. மூடியைத் தள்ளி, சாவியை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் சுற்றுவார். பதினான்கு சுற்று. எட்டாவது சுற்றில் குழிக்குள்ளேயே கொளகொளவென்று சத்தம் வரும். அந்த வால்வின் கழுத்துப் பக்கம் போன மாசியிலிருந்து ஒழுகுகிறது. குழி நிறைந்து, ரோட்டில் வழிந்து, காக்கை குளிக்கும். புகார் கொடுத்துப் பதினோரு நாள் யாரும் வரவில்லை. "நான் சொல்லிட்டனுங்கம்மா, சாமான் வரணும்னாங்க" என்றார்.

கொண்டுவந்த தண்ணீரில் காசாகாமல் போகிற பங்கு 20 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று மத்திய அரசு 2008இலேயே அளவுகோல் வைத்திருக்கிறது. ஒழுகுவது, திருடுவது, மீட்டர் ஓடாதது எல்லாம் அதில் சேரும். அந்தக் கணக்கைக் கட்டண உயர்வு நோட்டீஸின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுங்கள் என்கிறேன். எங்களுக்கு வந்த நோட்டீஸில் புதிய கட்டணம் மட்டும்தான் இருந்தது, பழைய ஒழுகல் இல்லை. அதனால் பரிவு என்று சொல்லாதீர்கள். ஏன் ஏறுகிறது என்பது வேறு, ஏற்றியது சரியா என்பது வேறு. இரண்டாவதற்கு ஒழுகல் கணக்கு இல்லாமல் என்னால் பதில் சொல்லமுடியாது.

ஐந்து நாளுக்கு ஒருமுறை விடுவதில் இன்னொரு சங்கடம். குழாய் காலியாகிக் கிடக்கும்போது பக்கத்து அழுக்கு உள்ளே போகும். திறந்ததும் முதலில் காற்று வரும், காற்றுக்கும் மீட்டர் சுற்றும். எங்கள் மீட்டர் சுற்றுவதைக் கண்ணால் பார்த்தேன், குழாயில் ஒரு சொட்டு இல்லை, உஸ்ஸென்ற சத்தம்தான்.

ஜூன் 12

"அத்திக்கடவு–அவிநாசித் திட்டம்தான் வந்துவிட்டதே, இன்னும் எதற்குப் பஞ்சம்?" என்று ஒருவர். அது குடிக்கிற தண்ணீர் இல்லைங்க. 2024 ஆகஸ்டில் தொடங்கியது, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்கு. நிலத்தடி நீர் ஏறும், போர் தண்ணி பிழைக்கும். நகராட்சிக் குழாய்க்கும் அதற்கும் நேரடி உறவு இல்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து கேட்ட திட்டம், அவர் பார்க்கவில்லை.

தனியார் வந்ததால்தான் ஏறுகிறது என்று இன்னொருவர். கோவையில் 2018இல் சூயஸ் நிறுவனத்தோடு 26 வருட ஒப்பந்தம், பழைய மாநகரின் 60 வார்டுகளுக்கு 24 மணி நேரத் தண்ணீர். கட்டணம் வைப்பது மாநகராட்சிதான் என்கிறார்கள். எங்கள் ஊரில் தனியாரே இல்லை, ஆனாலும் ஏறியிருக்கிறது. யார் குழாய் போட்டாலும் வட்டி கட்டுவது நாம்தான், அதனால் ஒப்பந்தத்தைப் படிக்கும் உரிமையும் நமக்கு வேண்டும். இதற்குமேல் போனால் அரசியல் சண்டையாகும், நான் வரவில்லை.

ஜூன் 15

நல்ல கேள்வி ஒன்று வந்தது: சொத்து வரிக்குள்ளேயே குடிநீர், வடிகால் வரி என்று ஒரு பங்கு இருக்கிறதே, அப்புறம் மாதக் கட்டணம் எதற்கு? நான் புரிந்துகொண்டது இது. வீட்டின் மதிப்பை வைத்து வாங்குவது வரி, குழாய் உங்கள் தெருவில் இருப்பதற்காக. கட்டணம், அதைத் திறந்து பிடிப்பதற்காக. வீட்டைப் பூட்டிவிட்டு அமெரிக்கா போனாலும் வரி உண்டு. சொத்து வரி 2008க்குப் பிறகு 2022இல்தான் ஏறியது. பதினான்கு வருடம் ஏற்றாமல் வைத்து, ஒரே நாளில் 25 சதவீதத்திலிருந்து 100 வரை. உள்ளாட்சிக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரியை ஒழுங்குபடுத்து என்று பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை வைத்ததும் ஒரு காரணம்.

ஏன் அப்படிப் பதினான்கு வருடம் விட்டார்கள் என்று திட்டி ஒரு பத்தி எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். எங்கள் பராமரிப்புத் தொகை ஐந்து வருடம் 1,200. வருடம் நூறு ரூபாய் ஏற்றியிருந்தால் 1,700 ஆகியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு கூட்டத்திலும் முகம் சுளிப்பார்களே என்று நான் பேச்சையே எடுக்கவில்லை. போன சித்திரையில் மோட்டார் எரிந்து, பத்து நாள் லாரித் தண்ணி வாங்கினோம், 12,000 லிட்டர் 1,500 ரூபாய். நகராட்சித் தண்ணியோடு ஒப்பிட்டால் அது பால் விலை. அதன்பிறகு ஒரே அடியாக 1,900 ஆக்கினேன். கூட்டத்தில் இரண்டாம் மாடிக்காரர் எழுந்து கேட்டார்: "ஏனம்மிணி, தண்ணி என்ன உங்க வீட்ல காய்ச்சறீங்களா?"

இந்த இழையின் முதல் கேள்வியும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான். இரண்டாம் மாடிக்காரரே வேறு பெயரில் எழுதுகிறாரோ என்று ஒரு சந்தேகம் எனக்கு.

ஜூன் 16

அவர் இல்லையாம். சத்தியம் பண்ணிவிட்டார்.

ஜூன் 19

புதுக் கட்டணத்தில் முதல் பில் வந்தது. கட்டிவிட்டேன். ஆனால் மீட்டர் அளவு போன மாதத்தைவிடக் குறைவாக எழுதியிருக்கிறார்கள், மீட்டர் பின்னோக்கிச் சுற்றியதுபோல. நமக்கு லாபம்தானே, பேசாமல் இருங்கள் என்கிறார் செயலாளர். அடுத்த மாதம் சேர்த்துப் போட்டால், அதிகம் பிடிப்பவருக்கான மேல் அடுக்கு விலையில் வரும், அப்போது யார் கூட்டத்தில் நிற்பது? வால்வுக் குழி இன்னும் ஒழுகுகிறது. மீட்டரைப் போட்டோ எடுத்தேன், குழியையும் காக்கையோடு எடுத்தேன். நாளை பத்து மணிக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போகிறேன்.